தீட்டுக் கை ரசம்

அண்ணே,

உன் பீரோவில் இருந்த பாட்டிலை இன்று காலையில் திறந்துவிட்டேன். மெழுகு முத்திரையைக் கத்தியால் சுரண்டினேன். தக்கை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, பல்லால் கடித்து இழுத்தேன். பீரோச் சூட்டில் இத்தனை வருஷம் கிடந்த திராட்சை ரசமாயிற்றே, புளித்துக் காடியாகத்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. பன்னீர்த் திராட்சையின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அடேயப்பா, என்ன வாசனை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். செத்துப் போனவனுக்கு இனி மரியாதை கொடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நீ என்றே எழுதுகிறேன். இந்தத் தடவை உன்னால் குறுக்கே பேசவும் முடியாது. கேட்டுக்கொள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பீரோவைத் திறந்து இந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டுவாய். பேங்க் மேனேஜர் வந்தாலும் காட்டுவாய், மாட்டு வைத்தியர் வந்தாலும் காட்டுவாய். "பிஷப்பு குடிச்ச ரசம். இந்தா, இந்தக் கையால செஞ்சது" என்று உள்ளங்கையை விரிப்பாய். அந்தக் கை அந்த ரசத்தில் படவே இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டை வாடிப்பட்டியில் 'பந்தல்காரர் வீடு' என்பார்கள். நமக்கு விவரம் தெரியும் முன்னால் அங்கே கடலையும் சோளமும்தான். வேதக்கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்து அய்யாவிடம் கொடுத்து, நட்டுப் பாருங்கள் என்றாராம். அய்யா கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். காய்த்தது. பூசைக்கு வேண்டிய ரசத்தைப் பிழியும் விதத்தையும் அந்தச் சாமியாரே காட்டிக் கொடுத்தார். சீனி கூடாது, தண்ணி கூடாது, பழத்தைத் தவிர ஒரு பொட்டு கலக்கக் கூடாது. ரசம் வடிக்கிற பர்மிட் வேதக்கோயில் பேரில், வேலை நம் வீட்டில். கருப்பசாமிக்குக் கெடா வெட்டுகிற வீட்டிலிருந்து அவர்கள் பீடத்துக்கு ரசம் போனது. அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அய்யா மட்டும் தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார். சாமிக்குப் போகிற பொருள் என்றால் எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சுத்தம் சுத்தம்தான் என்பார். ரச அறைக்குள் செருப்பு போகாது. கறி தின்ற அன்று யாரும் போகக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பொம்பளை அந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ரசம் திரிந்துவிடும். வெள்ளைக்காரச் சாமியார் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. எல்லாம் நம் வீட்டுச் சரக்கு.

அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறவில்லை அண்ணே. இதை மட்டும் அழுத்தி எழுதுகிறேன். நீ மதுரையில் காலேஜ் படித்த வருஷங்களில் ரச அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. அய்யாவே முடிந்துவிட்டார். "இவ கை பட்டா ரசம் கூடி வருது, இவளுக்குக் கைராசி" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். பழத்தை ஆய்ந்து, தொட்டியில் போட்டுப் பிசைந்து, பொங்கி மேலே எழும்பும் தோலை வேளைக்கு வேளை கட்டையால் அமுக்கி, துணியில் வடித்துப் பீப்பாயில் ஊற்றி, குறைந்தால் நிரப்ப மிச்சத்தை ஜாடியில் எடுத்து வைப்பது வரை என் வேலை. எனக்குத் தூரமானால் சாவியை அவிழ்த்து நடுவீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தொழுவத்தை ஒட்டின சாய்ப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன். தனித் தட்டு, தனிப் பாய். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி பொங்குகிற சத்தம் கேட்கும். 'அய்யா தோலை அமுக்கினாரோ இல்லையோ' என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனாலும் எழுந்து போனதில்லை.

கவர்மெண்டு சாராயக் கடையைத் திறந்துவிட்டு மறுபடி மூடினதே, அந்தச் சமயத்தில்தான் நீ படிப்பை முடித்தும் முடிக்காமலும் ஊர் வந்து சேர்ந்தாய். காதை மூடின தலைமுடியும், தெருவைக் கூட்டுகிற பேண்ட்டும். பின்னாலேயே உன் மதுரைக் கூட்டாளிகள் புல்லட்டில் வந்தார்கள். கடை இல்லாத ஊரில் ஒரு பீப்பாய் நிறைய ரசம் இருக்கிறது என்றால் விடுவார்களா? பம்புசெட்டு ரூமில் உட்கார்ந்து நீங்கள் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் கேட்டது.

என் இடுப்பில் சாவி இருக்கும்போது உன்னால் எடுக்க முடியாது. ஆணியில் தொங்குகிற நாட்களில் எடுத்தாய். நான் சாய்ப்பில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில், அண்ணே. அய்யா சட்டப்படி நான் ஒதுங்கிப் போன நாட்கள்தான் உனக்குத் தோதாக இருந்தன. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மாசம் ஒரு தடவை, சாவியை மாட்டுகிற நாள் நெருங்கும்போது, நான் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பேன் என்பதை நீ மறந்துவிட்டாய். நிறைந்த பீப்பாய் 'தொம்' என்று சொல்லும். அன்றைக்கு மேலிருந்து பாதிவரைக்கும் வெத்துச் சத்தம். உன்னிடம்தான் வந்தேன். அய்யாவிடம் போகவில்லை, அண்ணன் அடி வாங்கக் கூடாதே என்று.

"பீப்பா பாதி வெத்தாக் கேக்குதுண்ணே. நீங்க எடுத்தீகளா?"

"சாவி வச்சிருந்தா நீ என்ன மொதலாளியா? போய் வேலையப் பாரு."

"எடுத்தது எடுத்தாச்சு. ஜாடியில இருக்கிறத ஊத்தி நிரப்பியாவது வைங்க. காத்து புகுந்துச்சுன்னா அம்புட்டும் காடியாயிரும்."

"நிரப்புறேன், நிரப்புறேன். வாய மூடிக்கிட்டுப் போ."

மறுநாள் எனக்குத் தூரமாகிச் சாவியை மாட்டினேன். நீ நிரப்பவில்லை. ஜாடியில் இருந்ததையும் புல்லட்டில் ஏற்றி அனுப்பினாய். நான் தலைமுழுகி உள்ளே போய் ஒரு வாரம் ஓடிப்போனது. ஈஸ்டர் நெருங்கிவிட்டால் பீப்பாயைத் திறக்கவே கூடாது, சாமியார் வந்துதான் திறக்கவேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்து முகர்ந்தேன். புளித்த வாடை வந்தது. அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஈஸ்டருக்கு ரசம் எடுக்கப் புதுச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். கூடவே கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையும், நம் பங்காளிப் பெரியவரும்.

சாமியார் கிளாஸில் பிடித்து ஒரு வாய் வைத்தார். முகம் கோணிப்போனது. கைக்குட்டையில் துப்பினார். "என்னங்க இது? காடியால்ல இருக்கு?" என்றார். அய்யா வாங்கிக் குடித்துப் பார்த்தார். பீப்பாயைத் தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ திறந்தாய்.

"இவதான் அய்யா. தூரம் தீராதத மறைச்சுட்டு உள்ள போயிட்டா. கொல்லையில துணி காயப்போட்டுக் கெடந்தத நான் பாத்தேன். ரசம் திரிஞ்சதும் பயந்து பாதிய வெளிய ஊத்திட்டா."

எம்புட்டு லேசாகச் சொன்னாய்! பொய்யை யோசித்து வைத்திருந்தாயா, இல்லை அந்த நிமிஷம் வாயில் வந்ததா? பெரியவர் "சத்தியம் பண்ணுடா" என்றார். சூடத்தை ஏற்றி வைத்தார்கள். நீ உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாய். பிற்பாடு பேங்க் மேனேஜருக்கு விரித்துக் காட்டினாயே, அதே கை.

அந்த வாரம் எனக்குத் தூரமில்லை. அதுதான் உண்மை. அதற்கு முந்தின வாரமே தலைமுழுகிவிட்டேன். அதை யாரிடம் சொல்ல? எதிரே சாமியார், கோயில்பிள்ளை, பெரியவர், அய்யா. கல்யாணமாகாத ஒரு பிள்ளை நாலு ஆம்பளைகள் முன்னால் நின்று 'எனக்கு இந்தத் தேதியில் வந்தது, இந்தத் தேதியில் நின்றது' என்று எப்படிச் சொல்லும்? நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. உனக்கு அது தெரியும். அது தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தாய். 'திருடினாள்' என்று நீ சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். கத்த முடியாத இடத்தில் கை வைத்தாய்.

ஆத்தாவுக்கு என் நாள் தெரியும். எனக்குத் தட்டு வைத்ததே அவள்தானே. கதவோரத்தில் நின்றுகொண்டு முந்தானையைத் திருகினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். "அவன் ஆம்பளப் பய. நாளைக்கு இந்த வீட்டப் பாக்கணும். நீ எப்படியும் போற புள்ள" என்றாள். இத்தனைக்கும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அய்யா என் இடுப்பிலிருந்து சாவியை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நோண்டி நோண்டி எடுத்து உன் கையில் கொடுத்தார். ரச அறையை மஞ்சள் தண்ணி ஊற்றிக் கழுவினார்கள். சாகிற வரைக்கும் அய்யா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லா இருக்கியா என்று கேட்பார், அவ்வளவுதான்.

அவசர அவசரமாக எழுமலையில் கட்டிக்கொடுத்தீர்கள். பேச்சு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியார் ஊறுகாய்ச் சாடியை என் கை படாத பரணில் ஏற்றி வைத்தார். இட்லி மாவை நான் கரைத்தால் பொங்காது என்றார். நாற்றங்காலில் விதை தூவும்போது, "நீ வரப்புலயே நில்லு தாயி" என்பார்கள். மருவாதையாகத்தான் சொல்வார்கள். அதுதான் இன்னும் வலிக்கும். என் வீட்டுக்காரர் பம்புசெட்டு மெக்கானிக், வாய் பேசாத மனுஷன். ஒரு நாள் அவரே மாவுச் சட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "கரை. பொங்காட்டி நான் தின்னுக்கிறேன்" என்றார். பொங்கி வழிந்தது. மாமியார், வெயில் காலம் என்றார்.

நீ பந்தல்காரர் வீட்டு முதலாளியாகி ரசம் வடித்துக்கொண்டிருந்தாய். ரசமா அது? ஒரு வருஷம் புளிப்பு, ஒரு வருஷம் கலங்கல். புதுச் சாமியார் முகம் சுளித்துக்கொண்டே வாங்கிப் போகிறார் என்று கேள்விப்படுவேன். கேள்விப்பட்ட அன்றைக்கெல்லாம் ஒரு பிடி சோறு கூடத் தின்பேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பசிக்கும்.

அப்புறம்தான் நீ எழுமலைக்கு வந்தாய். சீப்பு வாழைப்பழம், பிஸ்கட் பொட்டலம், வேர்த்து ஊற்றிய முகம். இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாய்.

"வேதக்கோயிலுக்கு நூறாவது வருசத் திருவிழா வருதுத்தா. பிஷப்பு வாராரு. இந்தத் தடவையும் ரசம் சரியா வரலைன்னா பர்மிட்ட வேற ஊருக்கு மாத்திருவாகளாம். ஒரே ஒரு தடவ வந்து கைய வச்சுட்டுப் போ."

"தீட்டுக் கைண்ணே இது."

"பழசெல்லாம் எதுக்குப் பேசிக்கிட்டு."

"யாருக்குப் பழசு?"

நீ செருப்பின் வாரை முறுக்கினாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் தெரிய வேணாம். பழம் ஆய வந்திருக்கேன்னு சொல்லிக்குவோம்" என்றாய். பார், அப்போதும் 'நான் பொய் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. உனக்கு என் கை வேண்டும். என் பேர் வேண்டாம். வாரேன் என்று சொன்னேன். உன் மேல் பாசத்தில் இல்லை, அந்தத் தொட்டி பொங்குகிற வாசனைக்காக வந்தேன்.

பழம் ஆய்கிற அன்று விடிந்ததும் நீ தோட்டத்து வாசலில் நின்றாய். ஊருக்குக் கிழக்கே குடிசைகளிலிருந்து வந்த பொம்பளைகளை வரிசையாக நிறுத்தி, "யாராச்சும் தூரமா இருந்தா இப்பவே திரும்பிருங்க, ரசம் கெட்டுச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சத்தம் போட்டாய். காத்தாயி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். வண்டிக்காரர்களும் மருந்தடிக்கிறவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் என்னவோ சொல்ல, இன்னொருத்தன் சிரித்தான். காத்தாயி போகிற வழியெல்லாம் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு ஆம்பளைகள் முன்னால் எனக்கு நடந்ததை, நீ வருஷா வருஷம் வாசலில் நின்று நடத்திக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் உள்ளே போனேன். தொட்டி நிறையக் கறுத்த பழம். முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைந்தேன். உச்சிப் பொழுதுக்கு அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். வந்துவிட்டது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன் அண்ணே. எனக்கே பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அய்யா சொன்னது எனக்குள்ளும் ஊறிக் கிடந்தது. திரிந்துவிடுமோ என்று தோன்றியது. அப்புறம் யோசித்தேன். திரிந்தால் என்ன? பிஷப்பு முன்னால் உன் ரசம் நாறும், பர்மிட் போகும், நீ தொலைந்தாய். திரியவில்லை என்றால்? நீ சூடம் அணைத்துச் சொன்னது பொய் என்பதற்கு ஒரு பீப்பாய் நிறையச் சாட்சி கிடைக்கும். எப்படி விழுந்தாலும் எனக்குத்தான் ஜெயம். மதினியிடம் ஒரு பழைய சேலை கேட்டு வாங்கிக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். மறுபடி முழங்கை வரைக்கும் கையை விட்டேன்.

அந்த நாட்கள் பூராவும் உள்ளேயேதான் இருந்தேன். வேளைக்கு வேளை தோலை அமுக்கினேன். நீ வாசற்படியில் சூடம் காட்டினாய். வெளியே நின்றுகொண்டே, "எப்படித்தா வருது?" என்று கேட்பாய். "நல்லா வருதுண்ணே" என்பேன். உன் பெண்டாட்டியைக்கூடப் பக்கத்தில் விடவில்லை நீ. எனக்கு உள்ளே சிரிப்புத் தாங்காது. முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொள்வேன்.

அந்த ரசம்தான் உன் பீரோவில் இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒன்று வரவில்லை என்று ஊரே சொன்ன ரசம். பூசைக்குப் பிறகு பந்தியில் பிஷப்பு கேட்டார், இந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று. நீ கைகூப்பிக்கொண்டு போய் முன்னால் நின்றாய். போட்டோ பிடித்தார்கள். நான் சாமியார் வீட்டுக் கொல்லையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். உன் குரல் நன்றாகவே கேட்டது.

"எல்லாம் சுத்தபத்தந்தான் சாமி. ரச அறைக்குள்ள ஒரு பொம்பளைய விடுறதில்ல."

அன்றைக்கே எழுந்து வந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. உன்னை இன்னும் உயரத்தில் ஏற்றிவிட்டுத்தான் தள்ளவேண்டும் என்று தோன்றியது. உனக்கு ஆர்டர் குவிந்தது. மதுரையிலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து, மலையாளத்துக் கன்னியாஸ்திரி மடத்திலிருந்தெல்லாம் பந்தல்காரர் ரசம்தான் வேண்டும் என்றார்கள். ஆனையூரில் வீடு கட்டினாய். லேபிளில் உன் பேரைப் போட்டாய். வருஷா வருஷம் பழம் கறுக்கும்போது எழுமலைக்கு வாழைப்பழச் சீப்போடு வந்தாய்.

வருஷா வருஷம் நாள் குறித்துக் கொடுத்ததும் நான்தான், ஞாபகம் இருக்கிறதா? ஒரு பழத்தை நசுக்கி நாக்கில் வைப்பேன். "இன்னும் இனிப்பு ஏறணும்ணே. அடுத்த வெள்ளிக்கிழம ஆயலாம்" என்பேன். நீ பயபக்தியாகத் தலையாட்டுவாய். பழம் பந்தலில் முன்னே பின்னே பத்து நாள் தாங்கும். அதற்குள் எந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தோதோ அந்த வெள்ளிக்கிழமை. இப்போது புரிகிறதா? உன் ரசத்துக்கு நான் பார்த்துக் கொடுத்த நல்ல நாள் அதுதான். ஒரு வருஷம் மட்டும் எனக்கு முந்திக்கொண்டு வந்து கணக்குத் தப்பிவிட்டது. அந்த வருஷத்து ரசமும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ருசிக்கவில்லை.

உனக்கு ஈரல் கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று தகவல் வந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். எல்லாரும் தங்கச்சி பாசம் என்று நினைத்தார்கள். நான் சொல்லவேண்டியதை உசிலம்பட்டி தாண்டியதிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் காதில் குனிந்து சொல்லவேண்டும், உன் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் அத்தனை வருஷம் பொறுத்திருந்தேன்.

மஞ்சள் பூத்துக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாய். குனிந்தேன்.

"பீப்பாய நிரப்பிட்டியா? பாதியா விட்டா காத்து புகுந்துரும்த்தா" என்றாய்.

அட பாவி! காற்றுப் புகுந்துதான் கெட்டது என்று தெரிந்தே இருந்திருக்கிறது. அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். என் வாய்க்குள் இருந்ததெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்தால் கட்டிலைச் சுற்றி உன் மச்சினன்மார், பங்காளிகள், பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், குளுக்கோஸ் மாட்டுகிற பையன். எல்லாம் ஆம்பளைகள். பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. 'நிரப்பிட்டேன்ணே' என்று மட்டும் சொன்னேன். மறுநாள் நீ போய்விட்டாய். கேட்காமலே போய்விட்டாய். கழுத்தைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கவேண்டும் என்று நடுவீட்டில் மாரடித்து அழுதேன். பார்த்தவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

உன் கருமாதி அன்று பந்தி முடிந்து பந்தலில் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியாரும் வந்திருந்தார். அன்றைக்குச் சூடம் ஏற்றிக் கொடுத்த அதே பெரியவர், தள்ளாத வயசு, உன் பெருமைப் பேச்சை எடுத்தார்.

"என்ன சுத்தம், என்ன சுத்தம்! அவன் காலத்துல அந்த அறைக்குள்ள ஒரு தீட்டு நுழைஞ்சதில்ல. என்னைக்கோ ஒரு தடவ, அந்தப் புள்ள அறியாப் புள்ள, செஞ்சது போக." என்னைப் பார்த்துப் பாவம் போலத் தலையாட்டினார்.

எழுந்தேன். என் கால் எழுந்ததா, உன் பொய் என்னைத் தூக்கிவிட்டதா, தெரியாது.

"பெரியப்பா, அன்னைக்கு எனக்குத் தூரமில்ல. முந்தின வாரமே தலமுழுகிட்டேன். அண்ணன் கூட்டாளிகளுக்கு ஊத்திக் குடுத்து பீப்பாய பாதியாக்குச்சு, அதான் காடியாச்சு. பிஷப்பு குடிச்சாரே ஒரு ரசம், அத செஞ்சது நான். எனக்குத் தூரமா இருந்தப்ப, முதல் நாள்லருந்து உள்ள நின்னு, இந்தக் கையால செஞ்சேன். அதுக்கப்புறம் நீங்க வருசா வருசம் கிளாஸ் கிளாஸா வாங்கிக் குடிச்சீகளே, அதையும் அப்படித்தான் செஞ்சேன்."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் குடித்ததை அன்றைக்குத் துடைக்கிறார், என்னத்தச் சொல்ல! உன் மூத்த மச்சினன், "பொம்பள பேசுற பேச்சா இது? சாவு வீட்டுல நின்னுக்கிட்டு!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனான். இன்னும் ரெண்டு பேர் பின்னாலேயே போனார்கள். போகட்டும்.

அப்போது மதினி உள்ளேயிருந்து வந்தாள். கழுத்தும் கையும் வெறிச்சென்று, ஆனால் நிமிர்ந்து வந்தாள்.

"அது சொல்றது நெசந்தான். அந்தத் துணிய வருசா வருசம் அலசிக் காயப்போட்டது நானு" என்றாள்.

உன்னால் நம்ப முடிகிறதா? உன் வீட்டுக்குள்ளேயே, உன் பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியும். அவள் என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. உள்ளே போகாதே என்று அவளையும்தானே விரட்டிக்கொண்டிருந்தாய்? ஒரு கையில் பீரோப் பாட்டிலும் இன்னொரு கையில் ரச அறைச் சாவியும் கொண்டுவந்திருந்தாள். "இந்தா தாயி. பந்தல் காய்ச்சுக் கெடக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ வந்து பாரு. லேபிள்ல உன் பேரப் போட்டுக்குவோம்" என்றாள். சாமியார் ஒன்றும் நடக்காதது மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டே, "ஈஸ்டருக்கு அதே ரசந்தானேம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது ரச அறைக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காத்தாயி பிசைந்துகொண்டிருக்கிறாள். தோட்டத்து வாசலில் யாரும் நிற்பதில்லை, யாரையும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு இன்றைக்கு முதல் நாள். அவளுக்கு எப்படி என்று நான் கேட்கவும் இல்லை.

செத்தவன் மேல் கோபம் வைக்கக் கூடாது, விட்டுவிடு என்கிறார்கள். என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார். விடமாட்டேன். பதினெட்டு, பத்தொன்பது வயசில் நாக்கு ஒட்டி நின்ற அந்தப் பிள்ளைக்காக யாராவது கோபப்படவேண்டாமா? ஆத்தா படவில்லை, அய்யா படவில்லை. நான்தான் பட்டாகவேண்டும். உனக்குத் திவசம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே படுவேன்.

காலையில் உன் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் துவர்ப்பும் அப்படியே நிற்கிறது. போன அறுப்பில் வடித்த பீப்பாய் ஒன்று, நீ படுத்ததிலிருந்து யாரும் கவனிக்காமல் நாலு விரல்கடை இறங்கிக் கிடந்தது. நீ அத்தனை வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டிக் கும்பிட்ட ரசத்தை மிச்சமில்லாமல் அதில் ஊற்றிவிட்டேன். போதவில்லை. ஜாடியிலிருந்தும் எடுத்து ஊற்றி, விளிம்பு வரைக்கும் நிரப்பி, தக்கையை அடித்து இறுக்கினேன். அன்றைக்கு நீ செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்ட வேலை அது.

சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, பீப்பாயில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தேன் அண்ணே. மேலிருந்து கீழ்வரைக்கும் 'தொம்' என்று சொல்கிறது.